சாதாக் கட்டியா புற்றுக்கட்டியா, வேகத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

செந்தூல் வாசகர் | 3 மார்ச், இரவு 9.10

எனக்குத் தெரிஞ்ச கணக்கு இது. மெதுவா வளர்ந்தா சாதாக் கட்டி, கிடுகிடுன்னு வளர்ந்தா கேன்சர். விரலுக்கு அடியில உருண்டு ஓடினா பயமில்ல, வலிச்சா ஆபத்து. அப்படின்னா மார்பு ஸ்கேன்ல எதுக்கு "பைராட்ஸ் 3, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்"னு எழுதி அனுப்புறாங்க? இருந்தா எடுக்கணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். இதுல "ஊசி மட்டும் குத்த விடாதே, பரவிடும்"னு சொல்ல ஒரு கூட்டமே இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாராஃபின் (திசு ஆய்வுக்கூடம், கோலாலம்பூர்) | 3 மார்ச், இரவு 10.25

வேகம், உருளுவது, வலி மூன்றும் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். தீர்ப்பு சொல்லாது. தீர்ப்பு இரண்டு கேள்வியில் இருக்கிறது: கட்டி பக்கத்துத் திசுவுக்குள் புகுகிறதா? ரத்தம், நிணநீர் வழியாக வேறு இடம் போய் வேர் பிடிக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் சாதாக் கட்டி.

ரம்புத்தானில் ஒரு வகை, சதை கொட்டையை விட்டுச் சுத்தமாகக் கழன்று வரும். இன்னொரு வகை, கொட்டைத் தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். மார்பில் வரும் ஃபைப்ரோஅடினோமா முதல் வகை. தன் எல்லைக்குள் நின்றுகொண்டு பக்கத்துத் திசுவைத் தள்ளும், அதற்குள் நுழையாது. அதனால்தான் விரலுக்கு நழுவுகிறது. புற்றுக்கட்டி நுழைந்து இழுத்துப் பிடிக்கும். மேல்தோல் குழிவதும், காம்பு உள்ளே இழுபடுவதும் அதனால்.

வேகத்தை நம்பினால் எங்கே இடிக்கும் தெரியுமா? தைராய்டில் வரும் பாப்பிலரி புற்று பல வருடம் ஒரே அளவில் கிடக்கலாம். ஃபைப்ரோஅடினோமாவோ கர்ப்ப காலத்தில் வேகமாகப் பெருக்கும். தைராய்டு நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் ஒரே ராத்திரியில் கழுத்து வீங்கும், வலிக்கவும் செய்யும், ஆனால் அது புற்று இல்லை.

வலி விஷயம் பெரும்பாலும் தலைகீழ். மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கலையே" என்று விட்டுவிடுவதுதான் கெடுதல்.

படப்பிரிவு | 4 மார்ச், காலை 7.50

பைராட்ஸ் எண்ணை நோயின் நிலை என்று நினைத்துப் பயப்படுபவர்கள் நிறைய. நிலை வேறு, இது வேறு. படத்தைப் பார்த்தவர் தன் சந்தேகத்தின் அளவைச் சொல்லும் எண் இது.

0 என்றால் படம் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். 1 ஒன்றுமில்லை. 2 கட்டி இருக்கிறது, சாதாதான். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே. 4 மூன்று பிரிவு: 4ஏ 2 முதல் 10 விழுக்காடு, 4பி 10 முதல் 50, 4சி 50 முதல் 95. 5 என்றால் 95க்கு மேல். 6 ஏற்கெனவே திசுவில் உறுதியானது.

ஆக 4 என்று பார்த்ததும் இடிந்து உட்கார வேண்டாம். 4ஏ என்றால் பத்தில் ஒன்பதுக்கு மேல் சாதாவாகத்தான் முடியும். ஆனால் 4 எதுவானாலும் திசு எடுத்தே ஆக வேண்டும். எழுத்தில்லாமல் வெறும் 4 என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓரத்தைத்தான். முட்டை வடிவம், வழவழ ஓரம், தோலுக்கு இணையாகப் படுத்திருப்பது நல்ல அறிகுறி. அகலத்தைவிட உயரம் அதிகமாக நிமிர்ந்து நிற்பது, முள்முள்ளான ஓரம், பின்னால் கறுத்த நிழல் இவை சந்தேகம்.

செந்தூல் வாசகர் | 4 மார்ச், காலை 8.15

அப்ப அந்த 2 விழுக்காட்டு ஆளுங்க கதி? ஆறு மாசம் சும்மா இருக்கச் சொல்றீங்களா?

படப்பிரிவு | 4 மார்ச், மதியம் 1.05

சும்மா இருக்கச் சொல்லவில்லை, கணக்காகப் பார்க்கச் சொல்கிறோம். 6, 12, 24 மாதங்களில் படம். ஆறு மாதத்தில் விட்டம் 20 விழுக்காட்டுக்கு மேல் கூடினாலோ, ஓரம் மாறினாலோ எண் 4க்கு ஏறும், ஊசியால் திசு எடுக்கப்படும். 3 என்று குறிப்பவை மேலே சொன்ன நல்ல அறிகுறிகள் உள்ளவை மட்டும். அதில் ஒன்று புற்றாகவே அமைந்தாலும் இந்த இடைவெளியில் கைமீறிப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு.

விதிவிலக்கு உண்டு. அம்மா, அக்கா வழியில் இளவயது மார்பகப் புற்று இருந்தாலோ, மறுபடி வர முடியாத சூழ்நிலை என்றாலோ, 3லேயே திசு எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பாராஃபின் | 4 மார்ச், இரவு 9.40

மேலே உள்ள 20 விழுக்காட்டோடு ஒன்று சேர்க்க வேண்டும். விட்டம் 26 விழுக்காடு கூடினால் கன அளவு இரட்டிப்பு. 10 மில்லிமீட்டர் 12.6 ஆனாலே கட்டி இரண்டு மடங்கு. மறுபுறம், இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். பத்து, பதினொன்று ஆகிவிட்டது என்று தூக்கம் கெட வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே வகைக் கருவியில், முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்ததா என்பதே முக்கியம். ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாமல் படம் உள்ள சிடியையும் கொண்டு போங்கள். தனியாரில் எடுத்துவிட்டு ஜிஎச் (அரசு மருத்துவமனை) போகிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

ஜெலுத்தோங் தாதி | 5 மார்ச், மாலை 6.30

ஊசி குத்தினால் பரவுமா? மார்பு, தைராய்டு, கழுத்து நெறி (நிணநீர்க் கணு) என்றால் அந்தப் பயத்தை விடுங்கள். ஊசிப்பாதையில் செல் தங்கினாலும் அது வேர் பிடித்து வளர்வது அரிது, பெரும்பாலும் அறுவையிலோ கதிர்வீச்சிலோ போய்விடும். திசு எடுக்காமல் விட்டால் வரும் கேடு அதைவிடப் பல மடங்கு.

ஆனால் இந்தப் பயம் முழுக்க மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஊசியைத் தவிர்க்கும் இடங்கள் நிஜமாகவே உண்டு. விதையில் கெட்டிக் கட்டி என்றால் விதைப்பை வழியாகக் குத்துவதில்லை, தொடைக்கவட்டு வழியாக விதையையே எடுத்துவிடுவார்கள். சந்தேகமான சினைப்பைக் கட்டியைக் குத்தி நீரை உறிஞ்ச மாட்டார்கள், உள்ளே கொட்டினால் நோயின் நிலையே ஏறும். கல்லீரல் சுருக்கமோ பி வகை மஞ்சள்காமாலையோ உள்ளவர்களுக்குப் சாய மருந்து ஏற்றிப் பல கட்டமாக எடுத்த படத்தில் பதிவு தெளிவாக இருந்தால் ஊசி இல்லாமலே கல்லீரல் புற்று என்று முடிவு செய்வார்கள். எலும்பு, ஆழ்தசைக் கட்டி என்றால் யார் அறுவை செய்யப் போகிறாரோ அவரே ஊசிப்பாதையையும் குறிக்க வேண்டும், பின்னால் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டுவார். பக்கத்துக் கிளினிக்கில் "சின்னதா கீறிப் பார்த்துடலாம்" என்பதுதான் இதில் பெரிய கெடுதல்.

போகும்போது செய்ய வேண்டியது: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மார்புக்கு 14 கேஜ் தடிமன் ஊசி, மரக்க மருந்து போட்டு நாலைந்து துண்டு எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் மாதிரி 'டக்' என்று சத்தம் கேட்கும், திடுக்கிட்டு அசையாதீர்கள். முடிந்ததும் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்கணும். அடுத்த நாள் நீலம் பாய்ந்திருந்தால் பரவாயில்லை. வீக்கம் கூடிக்கொண்டே போனால் திரும்ப வாங்க.

பட்டர்வொர்த் வாசகி | 5 மார்ச், இரவு 8.00

மெல்லிய ஊசியில உறிஞ்சிப் பார்த்து "ஒன்றும் இல்லை"ன்னு வந்தா நம்பலாமா? தைராய்டுக்குக் கேக்குறேன்.

பாராஃபின் | 5 மார்ச், இரவு 11.15

கேள்விக்கு நன்றி, இந்த இழையின் மையமே இதுதான்.

தைராய்டு ஊசிக்கு பெதெஸ்டா முறையில் ஆறு படி. 1 போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதை "ஒன்றும் இல்லை" என்று படித்துவிடாதீர்கள். 2 சாதா. 3 தெளிவில்லை. 4 ஃபாலிகுலர் வகை. 5 சந்தேகம். 6 புற்று. 2 வந்து, ஸ்கேனும் அதையே சொன்னால் நம்பலாம். ஸ்கேன் முரண்பட்டால் மறுபடி ஊசி.

தகராறு 4இல். ஃபாலிகுலர் அடினோமாவும் (சாதா) ஃபாலிகுலர் கார்சினோமாவும் (புற்று) நுண்ணோக்கியில் செல் செல்லாகப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் கட்டியைச் சுற்றியுள்ள உறையில். செல்கள் உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கின்றனவா, உறையில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதே கேள்வி. ஊசி கட்டியின் நடுவிலிருந்து செல்லை உறிஞ்சுகிறது, உறையை அது கொண்டுவராது. எத்தனை கெட்டிக்கார டாக்டராக இருந்தாலும் ஊசியை வைத்து இதைப் பிரிக்க முடியாது. அதனால் அந்தப் பாதித் தைராய்டை எடுத்து, உறையைச் சுற்றிலும் துண்டு துண்டாக மெழுகில் பதித்துப் பார்க்கிறோம். "கேன்சரா இல்லையா என்று தெரியாமலே வெட்டிவிட்டார்கள்" என்று திட்டுபவர்கள் இதைக் கவனிக்கணும்.

அறுவை நடக்கும்போதே உறைய வைத்து இருபது நிமிடத்தில் பார்க்கும் முறை இருக்கிறதே என்பீர்கள். மார்பு, நெறி ஆகியவற்றுக்கு அது உதவும். இதற்கு உதவாது, ஒன்றிரண்டு துண்டில் முழு உறையையும் பார்க்க முடியாது.

இன்னொரு நுணுக்கம்: முன்பு போட்ட ஊசியே உறையில் ஓட்டை போட்டு, உள்ளே ரத்தமும் தழும்பும் விட்டிருக்கும். கண்ணாடித் தகட்டில் அது ஊடுருவல் போலத் தெரியலாம். விண்ணப்பத் தாளில் எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று எழுதியிருந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும். பலர் "கழுத்துக் கட்டி" என்று இரண்டு சொல் எழுதி அனுப்பிவிடுகிறார்கள்!

2016இல் ஒரு மாற்றம் வந்தது. பாப்பிலரிப் புற்றின் செல்கருத் தோற்றம் கொண்டு, ஆனால் உறையைத் தாண்டாத ஒரு வகை இருந்தது. அதைப் புற்று என்றே சொல்லி, முழுத் தைராய்டையும் எடுத்து, கதிர் அயோடினும் கொடுத்து வந்தார்கள். ஊடுருவாதவை திரும்ப வருவதே இல்லை என்று கண்டதும் புற்றுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். செல்லின் முகத்தைவிட எல்லைக்கு எவ்வளவு எடை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாராஃபின் | 6 மார்ச், காலை 6.40

நேற்று எழுதியதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லை எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் பிளியோமார்ஃபிக் அடினோமா சாதாக் கட்டி. அதன் உறை சில இடங்களில் மெலிந்து, சிறு மொட்டுகள் வெளியே நீட்டியிருக்கும். உறையோடு நோண்டி எடுத்தால் மொட்டுகள் தங்கி, பல வருடம் கழித்துப் பத்துப் பதினைந்து குருணைகளாகத் திரும்ப வரும். அதனால் சுற்றியுள்ள சுரப்பியையும் சேர்த்து எடுக்கிறார்கள். பல்லாண்டு விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாகவும் மாறும்.

மூட்டருகே வரும் ராட்சதச் செல் எலும்புக் கட்டி சாதா வகைதான், ஆனாலும் சிலருக்கு நுரையீரலில் போய் உட்காரும். எதிர்ப்பக்கம், தோலில் வரும் பேசல் செல் கார்சினோமா புற்று, அரித்துக்கொண்டே போகும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. மூளை உறையில் வரும் முதல் தர மெனிஞ்ஜியோமா (சாதா வகை) பரவாது. மண்டையோட்டுக்குள் இடமில்லை என்பதால் அழுத்தியே ஆளை முடக்கும். "சாதா" என்ற சொல் குணத்தைச் சொல்கிறது, கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் வாசகி | 6 மார்ச், மாலை 5.20

கருப்பைக் கட்டி பத்து வருஷமா இருக்கு, விட்டா கேன்சரா மாறும்னு பயமுறுத்துறாங்க. மாறுமா?

ஜெலுத்தோங் தாதி | 6 மார்ச், இரவு 7.45

ஃபைப்ராய்டு (கருப்பைத் தசையில் வரும் சாதாக் கட்டி) புற்றாக மாறுவது அரிதிலும் அரிது. கருப்பைத் தசைப் புற்று பெரும்பாலும் தனியாகவே முளைக்கிறது. எடுப்பதற்கு நியாயமான காரணங்கள் ரத்தப்போக்கு, ரத்தச்சோகை, சிறுநீர்ப்பை அழுத்தம், பிள்ளை தங்காதது. பயம் காரணமில்லை. மாதவிலக்கு நின்ற பிறகும் வளர்ந்தால் மட்டும் உடனே காட்டுங்கள், அப்போது அது சுருங்க வேண்டியது.

பாராஃபின் | 6 மார்ச், இரவு 10.10

ஒரு பின்குறிப்பு. ஃபைப்ராய்டு அறுவையில் சிலசமயம் சிறு துளை வழியாகக் கட்டியை இயந்திரத்தால் அரைத்து எடுப்பார்கள். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது: ஃபைப்ராய்டு என்று அறுவைக்குப் போகும் பெண்களில் ஏறக்குறைய 350இல் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா (தசைப் புற்று) இருக்கலாம், அரைத்தால் வயிற்றுக்குள் சிதறும். பைக்குள் வைத்து அரைப்பீர்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆய்வுக்கூடத்தில் இங்கே பிரியும் செல்லை எண்ணினால் மட்டும் போதாது. செல்கருவின் விகாரம், பெரிதாக்கிய பத்துப் பார்வைப்புலத்தில் 10க்குக் குறையாத பிரியும் செல், கட்டிக்குள் திட்டாக இறந்த பகுதி. மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் புற்று என்போம். கர்ப்பத்திலோ ஹார்மோன் மாத்திரையிலோ சாதாக் கட்டியும் மும்முரமாகப் பிரியும்.

இதற்குத் திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஒழுங்காக இருக்கணும். 10 விழுக்காட்டு நடுநிலைக் கரைசல், திசுவைப்போல் பத்து மடங்காவது. பெரிய கட்டியைச் சின்ன டப்பாவில் திணித்து வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினால், மருந்து மணிக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் ஊறும். திங்கட்கிழமை நடுப்பகுதி கூழ். கூழில் பிரியும் செல்லை எண்ண முடியாது. கட்டி இயல்பாக இறந்ததா, டப்பாவில் அழுகியதா என்றும் சொல்ல முடியாது. முதலில் கீறிவிட்டுப் போட வேண்டும். மார்புத் துண்டுக்கு இன்னும் கண்டிப்பு: எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின், 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறல். மீறினால் புற்று ஹார்மோனுக்கு இணங்குமா என்று பார்க்கும் ஏற்பி சோதனை பொய் சொல்லும்.

கழுத்து நெறியை மட்டும் முழுக்க ஃபார்மலினில் போடாதீர்கள். நம் நாட்டில் காசநோய் குறைவில்லை. நெறி வீங்கினால் அதையும் நினைக்க வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், வளர்ப்புச் சோதனை செய்ய முடியாது. ஒரு துண்டு உப்புநீரில் தனியாக.

படப்பிரிவு | 7 மார்ச், காலை 8.30

காசநோய் என்றதும் பெட் ஸ்கேன் (உடம்பில் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைக் காட்டும் படம்) நினைவுக்கு வருகிறது. "உடம்பெல்லாம் மின்னுது" என்று கேன்சர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சர்க்கரையை இழுக்கும் எதுவும் மின்னும்: காசநோய், சீழ், புது அறுவைத் தழும்பு, உமிழ்நீர்ச் சுரப்பியின் வார்த்தின் கட்டி என்ற சாதாக் கட்டி. சில மெதுவான புற்றுகளோ மின்னவே மின்னாது.

செந்தூல் வாசகர் | 7 மார்ச், மதியம் 12.40

மால்ல உடம்புச் சோதனைப் பேக்கேஜ் விக்கிறாங்க, ரத்தத்துல எல்லாக் கேன்சரும் தெரியும்னு. சிஏ 125, சிஇஏ, இன்னும் நாலஞ்சு. விலை குறைச்சுத்தான் குடுக்குறாங்க. எடுக்கலாமா?

ஜெலுத்தோங் தாதி | 7 மார்ச், மதியம் 1.30

இலவசமா குடுத்தாலும் வேணாம்.

பாராஃபின் | 7 மார்ச், இரவு 9.00

தாதி சொன்னதற்குக் காரணம்: இவை ரத்தத்தில் அளக்கும் புற்றுக் குறிப்பான்கள், புற்று இல்லாமலும் ஏறும். சிஏ 125 மாதவிலக்கில், கர்ப்பத்தில், ஃபைப்ராய்டில், எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பை உட்படலத் திசு வெளியே வளர்வது) ஏறும். சிஇஏ புகைப்பவருக்கு ஏறும். பிஎஸ்ஏ வெறும் புராஸ்டேட் வீக்கத்தில் ஏறும். சிஏ 19-9 பித்தக்குழாய் அடைத்தால் ஏறும். மக்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு ரத்தவகைக் காரணத்தால் அது சுரப்பதே இல்லை, கணையப் புற்று இருந்தாலும் சுழி காட்டும். இவை சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடர நல்ல கருவி, நலமாக இருப்பவரைச் சலித்தெடுக்க இல்லை.

அந்தப் பணத்தைவிட உருப்படியானது 50 வயதுக்கு மேல் மலத்தில் மறைந்த ரத்தச் சோதனை, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார நிலையம்) கேளுங்கள். பெருங்குடலில்தான் சாதாக் கட்டி புற்றாவது நன்றாகத் தெரிந்த பாதை. அடினோமா வகைப் பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சதை), பெரும்பாலும் பத்து வருடம் போல எடுத்துக்கொள்ளும். 10 மில்லிமீட்டர் தாண்டினால் ஆபத்து கூடும். கொலனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) அறுத்துவிட்டால் பாதை அங்கேயே முடிந்தது.

ஜெலுத்தோங் தாதி | 8 மார்ச், காலை 10.15

நம்ம ஆளுங்களுக்கு இன்னொன்று. வெற்றிலை பாக்கு. புகையிலை இல்லாமல் போட்டாலும் புற்றுக் காரணி என்று உலகப் புற்று ஆய்வு நிறுவனம் 2004லேயே சொல்லிவிட்டது. கன்னத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமாகச் சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், வாய் பழையபடி திறக்காமல் இறுகுவது. இவை புற்றுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டினாலே போதும், ஒரு துண்டு எடுத்து அனுப்புவார்.

காப்புறுதிப் பக்கம் | 8 மார்ச், மாலை 4.00

யாரும் தொடாத கோணம். இந்நாட்டுக் கொடிய நோய்ப் பாலிசிகளில் புற்று என்ற வரையறை பெரும்பாலும் ஊடுருவிய புற்றை மட்டும் ஏற்கும். இடத்தைத் தாண்டாத ஆரம்பநிலை, எல்லைக்கோட்டு வகை, மிகச் சிறிய தைராய்டுப் புற்று விலக்கில் இருக்கும். அதே பட்டியலில் சாதா மூளைக்கட்டி, நிபந்தனையோடு, தனி நோயாக நிற்கும். மெடிக்கல் கார்டிலும் (மருத்துவக் காப்புறுதி) முதல் 120 நாளுக்குள் தெரியவரும் கட்டி, நீர்க்கட்டி, பாலிப் எல்லாம் சாதாவோ புற்றோ பார்க்காமல் தள்ளப்படும். ஏஜெண்ட் வாய்ப்பேச்சை விட்டு வரையறைப் பக்கத்தைப் படியுங்கள். கோரிக்கைக்கு ஸ்கேன் ரிப்போர்ட் செல்லாது, எச்பிஇ தாள்தான் (திசு ஆய்வு ரிப்போர்ட்) வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகி | 8 மார்ச், இரவு 8.20

எச்பிஇ தாளில் சந்தேகம் இருந்தா வேற ஆஸ்பத்திரியில மறுபடி பார்க்கச் சொல்லலாமா? மறுபடி குத்தணுமா?

பாராஃபின் | 8 மார்ச், இரவு 10.50

தாராளமாக. மறுபடி குத்த வேண்டியதில்லை. திசு மெழுகுக் கட்டையாக ஆய்வுக்கூடத்திலேயே இருக்கும். எழுத்தில் கேட்டு, கட்டையையும் நிறமேற்றிய தகடுகளையும் முதல் ரிப்போர்ட் நகலையும் வாங்குங்கள். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் கட்டையில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே சரிபாருங்கள்.

எடுத்துக்கொண்டு நேரே போங்கள். மெழுகு 60 டிகிரிப் பக்கம் உருகும், வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டும். தகடு உடைந்தால் பரவாயில்லை, கட்டையிலிருந்து இன்னொன்று சீவிக்கொள்ளலாம். கட்டை போனால் திரும்பச் சீவ ஒன்றுமில்லை. முடிந்ததும் கட்டையைப் பழைய ஆய்வுக்கூடத்தில் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.